வேலை டென்ஷனை வீட்டில் பேசினால் உறவு நன்றாக இருக்குமா, இன்னும் கெடுமா?

அவினாசிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

என் கணவர் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நான் அவினாசி பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பையன் யுகேஜி படிக்கிறான். அத்தை எங்களோடு இருக்கிறார்.

மெர்ச்சண்டைசர் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டு பையருக்கும் (சரக்கு வாங்குகிறவர்), இங்கே நிட்டிங், டையிங், தையல் என்று ஓடுகிற அத்தனை யூனிட்டுக்கும் நடுவில் நிற்கிற ஆள் இவர்தான். துணியில் ஷேடு கொஞ்சம் மாறி வந்தாலும் பையர் இவரைக் கேட்பார். துணி வர லேட்டானால் முதலாளி இவரைக் கேட்பார். கப்பல் தேதி தவறிவிட்டால் சரக்கைக் கம்பெனி செலவில் ஃப்ளைட்டில் அனுப்ப வேண்டும், அதோடு அந்த ஆர்டரில் லாபம் போச்சு. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா வரியை 50 சதவீதத்துக்குக் கொண்டு போனபோது கையில் இருந்த ஆர்டரையே நிறுத்தி வைக்கச் சொல்லி மெயில் மேல் மெயில். அப்போதிலிருந்து இவர் நிம்மதியாகத் தூங்கி நான் பார்க்கவில்லை.

ராத்திரி வீட்டுக்கு வர ஒன்பதரை, பத்து ஆகிவிடும். ஹெல்மெட்டை டேபிளில் வைக்கிற சத்தத்திலேயே இன்றைக்கு நாள் எப்படிப் போனது என்று எனக்குத் தெரிந்துவிடும். "என்னாச்சுங்க?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, விடு." இன்னொரு தடவை கேட்டால் "உனக்கு எதுக்கு அந்த டென்ஷன், உனக்கே ஸ்கூல்ல ஆயிரம் இருக்கு." அவ்வளவுதான். தட்டுக்குப் பக்கத்தில் ஃபோனை வைத்துக்கொண்டு சாப்பிடுவார். பையன் மடியில் ஏறினால் ஒரு கையால் பிடித்துக்கொள்வார், கண் ஃபோனில்தான்.

போன மாதம் சந்தையில் காய் வாங்கும்போது இவரோடு வேலை பார்க்கிறவரின் மனைவியைப் பார்த்தேன். "அந்த ரிஜெக்‌ஷன் விஷயம் என்னாச்சுங்க, சரியாயிடுச்சா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு லாட் முழுக்கத் திரும்பியிருக்கிறது. முதலாளி எல்லோர் முன்னாலும் இவரைப் பேசியிருக்கிறார். நடந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வாரமும் இவர் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததற்கு, நான் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு ஒரு நாள் தாமதமாக வந்ததுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது ஒரு பக்கம். என் கதையை நான் சொல்லும்போது வேறு மாதிரி நடக்கிறது. இந்த வருஷம் கணக்கில் இத்தனை சென்டம் வந்தாக வேண்டும் என்று எங்கள் பள்ளியில் ஒரே நெருக்கடி. ராத்திரி பத்து மணிக்குப் பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் கேள்வி வரும். அதைச் சொன்னால் ஐந்தாவது நிமிஷமே "அப்ப வேலையை விட்டுரு" என்பார். எனக்கு அந்த வேலை பிடிக்கும். விட வேண்டும் என்று நான் சொல்லவே இல்லையே. அதற்கு மேல் பேச வாய் வராது.

கோயம்புத்தூரில் இருக்கிற என் அக்காவும் மாமாவும் இதற்கு நேர் எதிர். இரண்டு பேரும் ஐடி. தினமும் சாப்பாட்டு மேசையில் தொடங்கி, விளக்கை அணைத்த பிறகும் மேனேஜர் இப்படிச் சொன்னான், அப்ரைசலில் இப்படிச் செய்தார்கள் என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அவ்வளவு பிரியம். ஆனால் இரண்டு பேரும் வாடித்தான் கிடக்கிறார்கள். "பேசாம இருக்கறதே மேல், நீ கொடுத்து வெச்சவ" என்கிறாள் அக்கா.

அதனால்தான் கேட்கிறேன். மன அழுத்தத்தைக் கணவன் மனைவிக்குள் பேசுவது உண்மையிலேயே நல்லதா? நல்லது என்றால், பேசாத மனிதரை எப்படிப் பேச வைப்பது? அனுபவப்பட்டவர்கள், இதைப் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

பழைய லோகோ:

அம்மிணி, நான் கூட்ஸ் வண்டி ஓட்டி ரிட்டயர் ஆனவன். ஈரோட்டில் இருக்கிறேன். படித்த ஆராய்ச்சி எதுவும் எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வேலையில் ஒரு கொடுமை உண்டு. ஓடுகிற வண்டிக்கு முன்னால் ஆள் வந்து விழுவார். பிரேக் போடுவோம். லோடு ஏற்றிய கூட்ஸ் நினைத்த இடத்தில் நிற்காது. ஹாரனை விடாமல் அடிப்பதைத் தவிர நம் கையில் ஒன்றும் இருக்காது. எனக்கும் அது நடந்திருக்கிறது. ஒரு தடவை அந்த ஆள் கடைசி நொடியில் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தபோது எனக்கு நாக்கே எழவில்லை.

என் வீட்டுக்காரி முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். பிள்ளைகளை மேலே அனுப்பிவிட்டு, நான் குளித்து வரும்வரை அடுப்படியிலேயே நின்றாள். ரசம் சாதம் வைத்தாள். "கதவு திறந்தேதான் இருக்கும், நான் இங்கதான் படுத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். ரெண்டு மூணு நாள் கழித்து, வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது நானாகவே எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அவள் கடலை உரிப்பதை நிறுத்தவே இல்லை. நிறுத்தி என்னையே பார்த்திருந்தால் நான் பாதியில் எழுந்து போயிருப்பேன்.

அதனால் வந்தவுடனே கேட்க வேண்டாம் என்பது என் எண்ணம். வேலை இன்னும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது கேள்வி வந்தால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வாய் சொல்லும். அவரைச் சும்மா விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பக்கத்திலேயே இருங்கள், நேரம் கொடுங்கள்.

---

வைகைக்கரை:

நான் மதுரையில் குடும்ப நல ஆலோசகராக இருக்கிறேன். அவினாசிக்காரி கேட்டது என்னிடம் வருகிற பாதிப் பேரின் கேள்வி. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் நடப்பதும் நிஜம், அக்கா வீட்டில் நடப்பதும் நிஜம். பேச்சு அங்கே நிறைய இருக்கிறது, இங்கே இல்லை, இரண்டு வீட்டிலும் களைப்பு. அப்படியென்றால் விஷயம் பேச்சின் அளவில் இல்லை. ஒருவர் தன் பாரத்தைச் சொன்ன அடுத்த நிமிஷம் மற்றவர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சூரிக் பல்கலைக்கழகத்தில் கீ போடன்மான் என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறார். மன அழுத்தம் ஒருவருக்கு வந்தாலும் அதைச் சமாளிப்பது இருவரின் வேலை என்பது அவர் அணுகுமுறை. துணையின் பதிலை அவர் வகை வகையாகப் பிரித்துப் பார்க்கிறார்: ஆறுதலாக நிற்பது, வேலையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வது, இருவரும் சேர்ந்து சமாளிப்பது. கெட்ட வகைகளும் உண்டு: எரிந்து விழுவது, வேண்டா வெறுப்பாகக் கேட்பது, கேட்பது போல முகத்தை வைத்துக்கொண்டு மனம் வேறெங்கோ இருப்பது. 2015ல் அவரும் மரியானா ஃபால்கோனியரும் மற்றவர்களும் அதுவரை வந்த 57 ஆய்வறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 17,856 பேர். தம்பதி சேர்ந்து சமாளிக்கும் விதத்துக்கும் உறவில் இருக்கும் நிறைவுக்கும் நடுவே ஒட்டுறவு, அதாவது ஒன்று கூடினால் மற்றதும் கூடுகிறதா என்று காட்டும் எண், 0.45 வந்தது (முழுக்க ஒத்துப் போனால் 1). மனித உறவுகளைப் பற்றிய ஆய்வில் இது பெரிய எண். ஆணா பெண்ணா, கல்யாணமாகி எவ்வளவு காலம், எந்த நாடு, எவ்வளவு படிப்பு என்பதையெல்லாம் தாண்டி அது நின்றது.

அதில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது வேறொன்று. "நான் அவருக்கு எவ்வளவு துணையாக இருக்கிறேன்" என்பதைவிட, "அவர் எனக்கு எப்படி இருக்கிறார், நாங்கள் சேர்ந்து எப்படிச் சமாளிக்கிறோம்" என்பதுதான் ஒருவரின் நிறைவோடு கூடுதலாக ஒட்டி நின்றது. என் முன்னால் வந்து உட்காரும் கணவர்கள் பலர், "நான் குடும்பத்துக்காகத்தானே இவ்வளவும் தாங்குறேன்" என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் மனைவியின் பக்கத்தில் அது வந்து சேரவே இல்லை. ஒட்டுறவு என்பதால் எது காரணம் எது விளைவு என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே ஒற்றுமையாக இருப்பவர்களுக்குச் சேர்ந்து சமாளிப்பதும் சுலபமாக வரும்.

சரி, உங்கள் கணவரின் "உனக்கு எதுக்கு அந்த டென்ஷன்" என்ற பேச்சுக்கு வருவோம். அது அன்பில் வருகிற பேச்சு. உங்களுக்குப் பாரம் வேண்டாம் என்று மறைக்கிறார். ஜேம்ஸ் காய்னும் டேவிட் ஸ்மித்தும் 1991ல் மாரடைப்பு வந்த ஆண்களின் மனைவிகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணவர் கவலைப்படக் கூடாது என்று தன் பயத்தை உள்ளேயே போட்டு மூடி, எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மனைவிகளின் மனவேதனைதான் கூடுதலாக இருந்தது. மறைக்கிறவரையே அது முதலில் தின்கிறது.

மறைத்தால் வீட்டுக்குள் வராமலாவது இருக்கிறதா? வருகிறது. பெயர் இல்லாமல் வருகிறது. அதுதான் ஆபத்து. நீங்கள் இரண்டு வாரம் அம்மா வீட்டுப் பயணத்தைக் காரணமாக நினைத்துக்கொண்டிருந்ததை எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியில் முழுப் பிரச்சினையும் இருக்கிறது. காரணம் தெரியாத மௌனத்துக்கு மனம் தானாக ஒரு காரணம் கண்டுபிடிக்கும், பெரும்பாலும் அது நம்மைப் பற்றியதாக இருக்கும். லிசா நெஃப், பெஞ்சமின் கார்னி இருவரும் அமெரிக்காவில் புதுமணத் தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்து 2004ல் எழுதினார்கள். வெளியில் நெருக்கடி கூடும் காலத்தில் மனைவிகள் கணவரின் அதே குறைகளுக்கு அதிகமாக அவர்மேலேயே பழி போட்டார்கள். நெருக்கடி இல்லாத காலத்தில் "பாவம், களைப்பு" என்று விட்டுவிடுகிற விஷயம், நெருக்கடியில் "இவர் எப்பவுமே இப்படித்தான்" ஆகிவிடுகிறது.

அதனால் உங்கள் கணவர் எல்லாக் கதையையும் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. "இன்னைக்கு டையிங்ல மாட்டிக்கிச்சு, மனசு சரியில்ல. உன்மேல ஒண்ணுமில்ல." இவ்வளவு சொன்னாலே உங்கள் வீட்டின் ராத்திரி மாறிவிடும். பேசாத ஆண்களிடம் நான் முதலில் கேட்பது இந்த ஒரு வரியைத்தான். எங்கிருந்து வந்தது, யார்மேல் இல்லை, இரண்டும் அதில் இருக்க வேண்டும்.

"வேலையை விட்டுரு" என்பதைப் பற்றி. நாளெல்லாம் பிரச்சினைக்குத் தீர்வு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர் அவர். ஷேடு மாறினால் வேறு டையிங், துணி லேட்டானால் வேறு யூனிட். வீட்டுக்கு வந்தும் அதே கருவியைத்தான் எடுக்கிறார். உங்களுக்கு வேண்டியது தீர்வே இல்லை. "பத்து மணிக்குக் கூடவா மெசேஜ் போடறாங்க? அப்பறம் நீ எப்பத்தான் சாப்பிடுவ?" என்று யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான். தம்பதி உறவுகளை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் தம்பதிகளுக்குத் தினமும் இருபது முப்பது நிமிஷம் இப்படிப் பேசச் சொல்லுவார். அவர் போடும் நிபந்தனைகள் எனக்குப் பிடித்தவை. முதலில் புரிந்துகொள், யோசனை அப்புறம். துணையின் பக்கம் நில், எதிராளிக்கு வக்கீலாகாதே. அந்த நேரத்தில் வெளி உலக நெருக்கடியை மட்டும் பேசு, ஒருவர்மேல் ஒருவருக்கு இருக்கும் குறையை எடுக்காதே. இந்தக் கடைசி நிபந்தனையைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். "ஹெச்எம் இப்படிச் சொன்னாங்க" என்று ஆரம்பித்து "நீங்களும் அப்படித்தான்" என்று முடிகிற பேச்சுகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

அக்கா வீட்டு விஷயம் வேறு. ஒரே புண்ணைத் திரும்பத் திரும்பக் கிளறுவது அது. அமண்டா ரோஸ் 2002ல் பள்ளிப் பிள்ளைகளின் நட்பில் இதைக் காட்டினார். பிரச்சினையையே சேர்ந்து அசைபோடும் தோழிகளுக்கு நெருக்கமும் கூடுதல், மனச்சோர்வும் பதற்றமும் கூடுதல். உங்கள் அக்கா மாமாவுக்குள் பிரியம் இருப்பதும் வாட்டம் இருப்பதும் ஒன்றுக்கொன்று முரணே இல்லை. அதே வாக்கியம் அதே கோபத்தோடு மறுபடி வந்தால், அந்தப் பேச்சு அன்றைக்கு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு விளக்கை அணைத்துவிடலாம்.

பழைய லோகோ ஐயா சொன்னதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ரெனா ரெப்பெட்டி என்பவர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர்களின் வீடுகளில் இதைப் பார்த்து 1989ல் வெளியிட்டார். வேலை அதிகமான நாட்களில் அவர்கள் வீட்டில் ஒதுங்கினார்கள், கோபத்தையும் குறைவாகவே காட்டினார்கள். துணை ஆதரவாக இருந்த வீடுகளில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் ஒதுங்க இடம் கொடுப்பதும் துணை நிற்பதுதான். ஐயாவின் துணைவியார் "நான் இங்கதான் படுத்திருக்கேன்" என்றாரே, அதில் இடமும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது.

---

செல் கடை:

அக்கா, நான் கேட்கிற பக்கத்தில் இருக்கிற ஆள். என் மனைவி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐசியூ நர்ஸ். நான் காந்திபுரம் பக்கம் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் எட்டரைக்கு அவளை நான்தான் வண்டியில் கூட்டி வருவேன்.

அவள் பேஷன்ட் பெயர் சொல்ல மாட்டாள். "ஆறாம் நம்பர் பெட்" என்பாள். அந்த ஆறாம் நம்பர் பெட்டில் யார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது, ஆனால் அவருக்கு ராத்திரி மூணு மணிக்கு பிபி இறங்கியது, அவர் மகள் வெளியே சேரில் உட்கார்ந்தபடியே தூங்கியது எல்லாம் எனக்குத் தெரியும். வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொல்லுவாள். முகம் பார்க்காததால் அவளுக்குச் சுலபமாக வருகிறது என்று நினைக்கிறேன். சிக்னலில் நிற்கும்போது மட்டும் நான் ஏதாவது கேட்பேன். "அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சா?" இப்படிச் சின்னதாக.

மருத்துவத்தில் எனக்கு என்ன தெரியும், யோசனை சொல்ல? அதனால் யோசனை சொல்லும் பழக்கமே எங்களுக்குள் வரவில்லை. கல்யாணமான புதிதில் அவளே ஒரு விஷயம் சொன்னாள்: "நான் சொல்றப்ப நீங்க பயந்துட்டீங்கன்னா, அப்புறம் நான் உங்களையும் சேத்துப் பாத்துக்கணும்." அதை நான் இன்றும் மனதில் வைத்திருக்கிறேன். கேட்கிறவர் கலங்கிப் போனால் சொல்கிறவர் அடுத்த தடவை குறைத்துத்தான் சொல்வார். உங்கள் வீட்டுக்காரருக்கும் அந்தப் பயம் இருக்கலாம் அக்கா. வேலை போய்விடுமா, லோன் என்னாகும் என்று நீங்கள் பதறுவீர்களோ என்று.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அந்தப் பேச்சு முடிந்துவிடும். அவள் படுக்கப் போய்விடுவாள். நான் அதற்கு முன்னாலேயே ஜன்னலுக்கு போர்வை போட்டு இருட்டாக்கி வைத்திருப்பேன். எதிர் வீட்டுக் குழாய் ரிப்பேர்காரரிடம் மத்தியானத்துக்கு மேல் வரச் சொல்லியிருப்பேன். இதை எல்லாம் அவளிடம் சொல்வதில்லை.

என் கடை விஷயம் என்றால் நானும் சொல்வேன். வாடகை ஏற்றியபோது சொன்னேன். "ஐயோ" என்று சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்தாள். அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

---

அவினாசிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. செல் கடை தம்பி, நீங்கள் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. லோன் இருக்கிறது, வீடு கட்டியதில் வாங்கியது. வரி ஏறிய சமயத்தில் "கம்பெனியை மூடிடுவாங்களா?" என்று நான் அடிக்கடி கேட்டேன். எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது, அதனால் கேட்டேன். அவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

வைகைக்கரை மேடம், இரண்டு விஷயம் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் இடமே இல்லை. ஹாலில் அத்தை டிவி பார்த்துக்கொண்டிருப்பார், மகன் முகம் வாடினால் அவர் தூங்க மாட்டார். பெட்ரூமில் பையன். இவர் பேச நினைத்தாலும் அம்மா காதில் விழும் என்று அடங்கிவிடுவார். இரண்டாவது, இதை அவரிடம் எப்படி ஆரம்பிப்பது? "நாம பேசணும்" என்று சொன்னாலே அவர் முகம் மாறிவிடுகிறது. ஏதோ புகார் வருகிறது என்று நினைக்கிறார்.

---

வைகைக்கரை:

"நாம பேசணும்" வேண்டாம். அது யாருக்கும் சம்மன் மாதிரிதான் கேட்கும். "என்னாச்சு?" என்பதும் களைத்து வந்தவருக்குப் பெரிய கேள்வி. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசிக்கவே தெம்பு வேண்டும். உங்களுக்குத் தெரிந்த ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக் கேளுங்கள். "அந்த லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) பையர் ஓகே பண்ணிட்டாரா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு அவர் நகரலாம். நகரட்டும். நீங்கள் அவர் உலகத்தின் பெயர்களை ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த முறை பதில் இன்னும் கொஞ்சம் நீளும்.

கம்பெனியை மூடிவிடுவார்களா என்று கேட்டது நியாயமான கேள்வி, லோன் கட்டுகிற வீட்டில் அது தெரிந்தாக வேண்டும். அதற்குத் தனியாக ஒரு நேரம் வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கணக்கு நோட்டோடு. வேலை போனால் எத்தனை மாதம் தாங்கும், எந்தச் செலவை நிறுத்தலாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து எழுதுங்கள். ராத்திரிப் பேச்சில் அதைக் கலக்காதீர்கள். நான் முன்னால் சொன்ன ஆய்வில் சேர்ந்து சமாளிப்பதுதான் வலுவாக நின்ற வகைகளில் ஒன்று. நீங்கள் கணக்கு டீச்சர். இது உங்கள் கைக்கு வரும் வேலை. அவர் தனியாகத் தலையில் போட்டுக்கொண்டிருக்கும் எண்கள் காகிதத்துக்கு வரும்.

இடம் இல்லாதது நம் வீடுகளில் பெரிய பிரச்சினை. வெளிநாட்டுப் புத்தகங்கள் எல்லாம் தனி அறை இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதப்படுகின்றன. என்னிடம் வருகிறவர்கள் மொட்டை மாடியில் துணி எடுக்கும் சாக்கில் பேசுகிறார்கள், பால் வாங்கப் போகும் வழியில் பேசுகிறார்கள். செல் கடை தம்பியின் வண்டியும் நல்ல இடம்தான். முகம் பார்க்காமல், கைக்கு ஏதாவது வேலை இருக்கும்போது பலருக்கும் வாய் திறக்கும். ஐயா வீட்டில் வேர்க்கடலை. உங்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் தெருமுனை வரை இரண்டு பேரும் நடந்து வாருங்கள், அந்தப் பத்து நிமிஷம் அத்தை பையனைப் பார்த்துக்கொள்ளட்டும். அத்தையிடம் காரணமும் சொல்லிவிடுங்கள்: "வேலைல கொஞ்சம் நெருக்கடி அத்தை, உடம்புக்கு ஒண்ணுமில்ல." அவருக்கும் பெயர் தெரியாத பயம்தானே.

தொடக்கத்தை உங்கள் பக்கத்திலிருந்தே செய்யுங்கள். உங்கள் பள்ளிக் கதையைச் சொல்வதற்கு முன்னாலேயே, "இப்ப எனக்கு ஐடியா வேண்டாங்க, சும்மா கேளுங்க போதும்" என்று சொல்லிவிடுங்கள். தீர்வு சொல்லிப் பழகியவருக்கு அது பெரிய உதவி, தன் வேலை என்னவென்று தெரிந்துவிடுகிறது. சூரிக் குழு தம்பதிகளுக்குக் கொடுக்கும் பயிற்சியிலும் வரிசை இதுதான். முதலில் ஒருவர் அரை மணி நேரம் பேச, மற்றவர் கேட்டுவிட்டுத் தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆறுதலும் உதவியும் அதற்குப் பிறகு ஒரு பத்து நிமிஷம். கடைசியில், பேசியவர் எது உதவியது, இன்னும் என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடுவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். அவர் ஒரு நாள் நன்றாகக் கேட்டால், "நீங்க அந்த மெசேஜ் விஷயத்தைக் கேட்டீங்க இல்ல, அப்ப எனக்கு லேசாச்சு" என்று அவரிடமே சொல்லுங்கள்.

தம்பி ஜன்னலுக்குப் போர்வை போட்டதைச் சொல்லாமல் வைத்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நியூயார்க்கில் வக்கீல் தேர்வுக்குப் படித்தவர்களையும் அவர்கள் துணைகளையும் தினசரிக் குறிப்பு எழுத வைத்து நயல் போல்ஜர் குழு 2000ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. துணை கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமலே போன உதவிதான் மனச்சோர்வை அதிகம் குறைத்தது. "உனக்கு உதவி செய்கிறேன் பார்" என்று தெரிகிறபோது, நம்மால் முடியவில்லை போல என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. ஆகவே அவர் பேசாத நாட்களிலும் உங்களுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. சார்ஜரை எடுத்து வைப்பது, காலை ஆறு மணிக்கு அவரை எழுப்ப வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லி வைப்பது, இப்படி.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். தூக்கம் நெடுநாளாகச் சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பாடு குறைவது, பையனோடு விளையாடுவதில்கூட ஈடுபாடு போவது, "நான் இல்லைன்னா எல்லாருக்கும் நிம்மதி" போன்ற பேச்சு, இதில் ஏதாவது தெரிந்தால் அது கணவன் மனைவி பேசித் தீர்க்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். அவர் பேசத் தயங்கினால் முதலில் நீங்களே கூப்பிட்டு என்ன செய்யலாம் என்று கேட்கலாம்.

அக்காவையும் மாமாவையும் அடுத்த முறை பார்க்கும்போது, சாப்பாட்டு மேசையில் மேனேஜர் பேச்சுக்கு ஒரு நேரம் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எட்டரைக்கு முடிந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் ஒன்பது மணிக்கு வேறு ஏதாவது பேசலாம்.